வலது காதுக்கு மட்டும் குளிர்

பிப்ரவரி 4

டாக்டர் மெஹருன்னிசா சொன்னதற்காக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் டைரிக்கும் ஏழாம் பொருத்தம். செம்புக் கம்பி ஏஜென்ட் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் எந்த மோட்டார் எந்தத் தேதிக்குத் தயாராக வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் நான் எழுதியதில்லை.

"தினமும் என்னென்ன சத்தம் காதுல விழுந்துச்சுன்னு எழுதுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டையும் வெச்சுப் பார்க்கணும்" என்றார். பேசப் பேச எழுத்தாக விழும் போனை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அப்படித்தான் ஊரே இப்போது என்னோடு பேசுகிறது.

எழுதுகிறவள் சம்பூரணம். வயது நாற்பத்தெட்டு. சூலூரில் மோட்டார் வைண்டிங் கடை. இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். இடது காது ஏழு வயதில் மூளைக்காய்ச்சலோடு போயிற்று. அந்தக் காதுக்குள் எலும்பு அடைத்துக்கொண்டதாம், இனி ஒன்றும் செய்ய முடியாதாம். வலது காதில் முதலில் கொலுசுச் சத்தம் போயிற்று, பிறகு குக்கர் விசில், பிறகு மனிதர்கள் பேசும் சொல். ஆறு வருஷமாக எல்லாரும் வாயை அசைக்கிறார்கள், அவ்வளவுதான். காதுக் கருவி மாட்டினால் இரைச்சல் பெரிதாகும், சொல் வராது. கீழ்ச்சத்தம் மட்டும் மிச்சம். கனத்த சத்தம், அதிர்கிற சத்தம்.

எனக்கு அது போதும். ஒரு முழ நீளத் திருப்புளியின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்தினால் உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். காது நன்றாக இருக்கிறவர்களே கிணத்துக்கடவிலிருந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள்.

இன்று கேட்டவை: எதிர்க் கடை கம்ப்ரஸர். டெஸ்டிங்கில் ஓடிய ஏழரை எச்.பி. மோட்டார். லாரிகள். வீட்டுக்காரர் முனகல்.

பிப்ரவரி 6

கேட்டவை: கம்ப்ரஸர், கிரைண்டர், முனகல்.

இந்த முனகலைப் பற்றி டாக்டருக்கு விளங்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் வெள்ளிங்கிரி, நூல் மில்லுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். அஞ்சரை மணிக்கு டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு நேராகக் கடைக்கு வருவார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றிக்கொண்டிருப்பேன். அவர் என் முதுகுக்குப் பின்னால், காலியான கம்பிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, ராத்திரிச் சமையலுக்குச் சின்ன வெங்காயம் உரிப்பார். உரித்துக்கொண்டே முனகுவார்.

பாட்டு என்றால் ஒரு ராகம் வேண்டாமா? இதில் ஒன்றும் கிடையாது. கொஞ்ச நேரம் சீராகப் போகும், நிற்கும், திடீரென்று வேகமெடுக்கும், கடைசியில் மேலே ஏறி நின்றுவிடும். அது நின்றால் நான் மிச்சச் சுற்றை முடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். கடையில் கடிகாரம் வேறு எதற்கு.

இன்று அவர் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தால் உள்ளே கடலை மிட்டாய், மேலெல்லாம் எறும்பு. "வாங்கினா வாங்கினேன்னு சொல்ல மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டேன். இது மாசத்துக்கு ரெண்டு தடவை நடக்கிறது. அந்த மனுஷன் சிரித்தார்.

பிப்ரவரி 11

ஆஸ்பத்திரி. காதுக்குள் இருக்கும் நத்தை ஓட்டுச் சுருளுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை நுழைப்பார்களாம். வெளியே மாட்டும் கருவி சத்தத்தை மின்சாரமாக்கி அந்தக் கம்பி வழியே அனுப்புமாம். பேச்சு கேட்குமாம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு டாக்டர், "கம்பி உள்ள போறப்ப, இப்ப உங்களுக்கு மிச்சம் இருக்கிற கீழ்ச்சத்தம் போயிடவும் வாய்ப்பிருக்கு" என்றார்.

"அப்ப வேண்டாமுங்க" என்று எழுந்துவிட்டேன். வெள்ளிங்கிரி என் கைப்பையைப் பிடித்துக்கொண்டார். பை அவரிடம் இருந்தால் நான் எங்கே போவது, உட்கார்ந்தேன்.

"எனாமல் உரசுதுங்களா?" என்று கேட்டேன். டாக்டருக்கு விளங்கவில்லை. மோட்டாரின் ஸ்லாட் பள்ளத்துக்குள் கம்பியை இறக்கும்போது எங்கேயாவது உரசி எனாமல் மேல்பூச்சு போய்விட்டால், மோட்டார் அன்றைக்கு ஓடும், நாலு நாளில் சூடேறிக் கருகும் என்று சொன்னேன். அந்த அம்மா மேசையைத் தட்டி, "இங்கயும் அதேதான். உரசின அன்னிக்கு இல்ல, அதுக்கப்புறம் வீங்கித்தான் உள்ள இருக்கிற செல்லெல்லாம் சாகுது" என்றார்.

அதற்குத்தான் அவர்கள் ஒரு வழி சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபரேஷன் நடக்கும்போது காதெலும்பை ஒட்டி ஒரு சின்னக் குழாய் முனையை வைத்து, அதற்குள் குளிர்ந்த உப்புநீரைச் சுற்ற விடுவது. உடம்பெல்லாம் இல்லை, அந்தக் காதின் உட்புறம் மட்டும் சில டிகிரி குளிரும். குளிர்ந்தால் வீக்கம் அடங்கும், செல் பிழைக்கும். இதுவரை பதினொரு பேருக்குச் செய்திருக்கிறார்கள். எட்டுப் பேருக்குக் கீழ்ச்சத்தம் தங்கியிருக்கிறது. மூன்று பேருக்குப் போய்விட்டது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

"மோட்டார் சத்தம் போச்சுன்னா நான் கடையை மூடோணுங்க" என்றேன். வெள்ளிங்கிரி போனை வாங்கிப் பேசினார். எழுத்து விழுந்தது: "மோட்டாரை நான் பார்த்துக்கறேன். நீ மனுஷங்க பேசறதக் கேளு." பேரிங்குக்கும் பன்னுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் மோட்டாரைப் பார்த்துக்கொள்வாராம்.

பிப்ரவரி 13

கேட்டவை: கம்ப்ரஸர், முனகல். முனகல் இன்று நீளம். முடிவு எடுக்கவில்லை.

பிப்ரவரி 20

நல்ல நாள். விவரமாக எழுதுகிறேன்.

குளிர் மெஷினைக் காட்டினால்தான் கையெழுத்து என்று சொல்லியிருந்தேன். அதைச் செய்த இன்ஜினியர் ஜெரால்டு, கண்ணாடி போட்ட ஒல்லி ஆள், மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு டப்பாவில் நீர் குளிர்கிறது. பக்கத்தில் வட்டமான பம்ப். அதற்குள் மூன்று உருளைகள் ஒரு ரப்பர் குழாயை மாறி மாறி அழுத்திக்கொண்டே சுற்றி நீரைத் தள்ளுகின்றன. வேலைப்பாடு சுத்தம், குறை சொல்ல முடியாது.

கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தேன். ஜெரால்டு ஒரு அடி பின்னால் போனார். பம்ப் மேல் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தி, கண்ணை மூடினேன். டும், டும், பிறகு பாதி டும். மறுபடி டும், டும், பாதி. பத்துச் சுற்று கேட்டேன், பத்திலும் அதே.

"மூணாவது உருளை சரியா அழுத்தலீங்க" என்றேன்.

ஜெரால்டு திரையைக் காட்டினார். "எல்லா அளவும் சரியா இருக்கும்மா. போன வாரம்தான் செக் பண்ணினோம்."

"திரை என்ன சொல்லுதுன்னு நீங்க பாருங்க. உருளை என்ன சொல்லுதுன்னு நான் கேட்டுட்டேன். இதைப் பிரிச்சுப் பார்க்காம என் காதுகிட்ட கொண்டுவரக் கூடாது."

அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. கடைக்கு முதல் தடவை வருகிற ஆம்பிளைகள் எல்லாரும் அப்படித்தான் சிரிப்பார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "பிரிங்க ஜெரால்டு" என்றார். பிரித்தார். மூன்றாவது உருளையைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்து, உருளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் அதை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு திருப்புளியைப் பார்த்தார்.

சாயங்காலம் மெசேஜ் வந்தது. பழையபடியே பூட்டி இரண்டு மணி நேரம் ஓட விட்டாராம். ஐம்பது நிமிஷம் ஒழுங்காகக் குளிர்ந்ததாம், அதற்குப் பிறகு நீரோட்டம் குறைந்து சூடு ஏறிவிட்டதாம். அவர்கள் சோதிக்கும்போதெல்லாம் அரை மணியோடு நிறுத்திவிடுவார்களாம். ஆபரேஷனில் கம்பி நுழைவதே ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான். "புது பம்ப் போடறேன்மா. நீங்க வந்து கேட்டுட்டு ஓகே சொன்னாத்தான் வெச்சுக்குவேன்" என்று எழுதியிருந்தார்.

இதை வெள்ளிங்கிரியிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். அவர் மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்.

மார்ச் 3

புது பம்ப் கேட்டேன். டும், டும், டும். பாஸ். கையெழுத்துப் போட்டேன்.

ஜெரால்டு ஒரு நீளத் திருப்புளி வாங்கி வைத்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். உடனே கேட்டுவிடுமா?

மார்ச் 9

நாளைக்கு ஆபரேஷன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. ரசத்துக்கு மட்டும் மூன்று தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் வெள்ளிங்கிரி வெங்காயத்தை உரித்து முடித்து, முனகலும் மேலே ஏறி நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் உரிக்கச் சொன்னேன். உரித்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். மூன்று கிலோ உரித்திருக்கிறார். நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில், அவரும் ஆஸ்பத்திரியில், இத்தனை வெங்காயத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிர்க் கடைக்குக் கொடுத்தேன்.

கேட்டவை: முனகல். மோட்டார் எதையும் இன்று ஓட்டவில்லை. நேரம் இல்லை.

மார்ச் 11

முடிந்தது. தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. ஜெரால்டு வந்து கட்டிலின் காலடியில் நின்று காகிதத்தை நீட்டினார். ஒரு மணி நாற்பது நிமிஷமும் குளிர் ஒரே நேர்கோடு.

கேட்டவை: இல்லை.

மார்ச் 12

இல்லை.

மார்ச் 15

வீட்டுக்கு வந்தாயிற்று. கேட்டவை: இல்லை. உள்ளே ரத்தமும் நீரும் கட்டியிருக்கும், இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, பதறாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் பதறவில்லை.

திருப்புளி மேசை மேல் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கலாம்தான். கை இன்னும் கழுவவில்லை, அதனால் எடுக்கவில்லை.

மார்ச் 18

கடைக்குப் போனேன். பாதியில் விட்ட காயிலைச் சுற்றினேன். அஞ்சரைக்கு அவர் வந்து பின்னால் உட்கார்ந்தார், நிழல் தெரிந்தது. வெங்காய வாசனை வந்தது. சத்தம் இல்லை.

எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். அவர் வந்து தோளைத் தொட்டபோது இருட்டியிருந்தது.

திருப்புளி: எடுக்கவில்லை. இன்றும் வேலை அதிகம்.

மார்ச் 21

இரண்டு தடவை சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு உரிக்கிறார். வாய் மூடியிருந்தாலும் முனகலாம் அல்லவா. முனகுகிறாரா இல்லையா என்று அவரிடமே கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை.

எனக்கு மோட்டார் சத்தம்தான் கவலை.

மார்ச் 24

இந்தப் பக்கத்தை டாக்டருக்கு அப்படியே கொடுக்கப் போகிறேன்.

கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் பட்டன் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்காமல் அழுத்தக் கூடாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நெடுநேரம் ஒன்றும் இல்லை. கை வியர்த்துப் பட்டன் வழுக்கியது. பிறகு ரொம்ப தூரத்தில், கிணற்றடியில் ஓடுகிற பம்ப் மாதிரி, ஊம் என்று ஒன்று வந்தது. அழுத்தினேன். மறுபடி வந்தது. அழுத்தினேன். அது மெலிந்துகொண்டே போக, நானும் விடாமல் துரத்திக்கொண்டே போய் அழுத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது டாக்டர் மெஹருன்னிசா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நின்றுகொண்டிருந்தார். பெரிய டாக்டர் அப்படி நிற்கலாமா என்று நினைத்துக்கொண்டே நானும் தூக்கினேன். ஆபரேஷனுக்கு முன் வரைந்த கோட்டையும் இன்றைய கோட்டையும் காட்டினார். கீழ்ச்சத்தத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. "ஒண்ணுகூடப் போகல" என்றார். எழுத்து விழும் முன்பே வாயசைவில் புரிந்துவிட்டது. பன்னிரண்டு பேரில் இவ்வளவு ஒட்டிய கோடு என்னுடையதுதானாம். ஜெரால்டு அந்தத் தளர்ந்த ஸ்பிரிங்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார், எடுத்துக் காட்டினார்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் திருப்புளியை வைத்தேன், தையல் போட்ட இடத்தை விட்டுவிட்டு, காதுக்கு முன்னால் அழுத்தி. பின்பக்க பேரிங் ஆறு மாதம்கூடத் தாங்காது. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வெள்ளிங்கிரியிடம் கேட்டேவிட்டேன். "ரெண்டு வாரமா என்ன, ஊமையாயிட்டீங்களா? முனகலையே காணோம்."

அவர் போனில் தட்டினார், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. "உனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்துக்கிட்டு."

ஆபரேஷன் எனக்கு, பயம் இவருக்கு. சரியான திட்டு விழுந்தது. சாயங்காலம் கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "ம், ஆகட்டும்" என்றேன். முதலில் வெங்காய வாசனை வந்தது. பிறகு வந்தது. அதே பழைய முனகல், சீராகப் போய், நின்று, வேகமெடுத்து. எனக்குக் கண்ணில் நீர் வந்ததற்குக் காரணம் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் நெடி.

கேட்டவை: எல்லாம்.

ஏப்ரல் 9

வெளிக் கருவியை மாட்டி இயக்கினார்கள். என் தலைக்குள் நூறு கிளிகள். டாக்டர் பேசினால் தகரத்தைச் சுரண்டுவதுபோல் இருக்கிறது. "கீழ்ச்சத்தம் உங்க சொந்தக் காது, மேல்சத்தம் மெஷின். ரெண்டும் ஒட்டிக்கக் கொஞ்ச நாள் ஆகும்" என்றார். உங்களுக்குச் சொந்தக் காது மிச்சம் இருப்பதால் சீக்கிரம் ஒட்டும் என்றும் சொன்னார்.

பகலில் மாட்டுகிறேன். சாயங்காலம் தலை கனத்துவிடுகிறது, கழற்றி வைத்துவிட்டுத்தான் காயில் சுற்றுகிறேன். அப்போதும் முனகல் கேட்கிறது. அதற்கு மெஷின் வேண்டியதில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கடுகு வெடிப்பது கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி எண்ணெய் காயவைத்து, சும்மாவே ஒரு கை கடுகு போட்டேன்.

ஏப்ரல் 18

கிணத்துக்கடவு ஆள் ஒருவர், "அக்கா, மோட்டார் ரெடியா?" என்றார். போனைப் பார்க்காமல் "திங்கக்கிழமை வாங்க" என்றேன். அவர் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 22

இன்று மூன்று மோட்டார் அவசரம். கருவியைக் கழற்ற மறந்துபோய் அப்படியே காயில் சுற்ற உட்கார்ந்துவிட்டேன். அஞ்சரைக்கு அவர் வந்தார். உட்கார்ந்ததும் கம்பிச் சக்கரம் கிறீச்சென்றது, அந்தச் சக்கரம் கிறீச்சிடும் என்றே எனக்கு இதுவரை தெரியாது. வெங்காயத் தோல் உரிபடும் சத்தம். பிறகு முனகல் ஆரம்பித்தது.

நாற்பத்தோராவது சுற்றில் முனகலுக்குள்ளிருந்து ஒரு சொல் வெளியே வந்தது. டயர்.

கை நின்றுவிட்டது. திரும்பவில்லை. பழகிய அதே அடிக்குரல், அதற்கு மேல் மெல்லிசாக, இதுவரை இல்லாத விளிம்புகள். "...கருமத்தம்பட்டிகிட்ட டயர் பஞ்சர் புள்ள. மில்லுப் பொண்ணுங்க எல்லாம் எறங்கி வேப்பமரத்து நெழல்ல நின்னுதுக. அதுல ஒரு பொண்ணுக்கு நிச்சயமாயிருக்குது. எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்துச்சு. உனக்கு ஒண்ணு சாப்பாட்டுப் பையில வெச்சிருக்கேன். எறும்பு ஏறறதுக்குள்ள எடுத்துக்க. அப்பறம் அந்த மேனேஜர் இருக்கானே..."

மேனேஜர் வந்ததும் வேகமெடுத்தது. எப்போதும் அந்த இடத்தில்தான் வேகமெடுக்கும்.

ஆறு வருஷம். பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராகம் இல்லை என்று குறை வேறு. அந்த மனுஷன் நாள் தவறாமல் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கடலை மிட்டாய் உட்பட. எத்தனையாவது சுற்று என்பது மறந்துபோயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குச் சுற்றின் எண்ணிக்கை தவறியது இன்றுதான்.

மேனேஜர் முடிந்தார். கொஞ்சம் இடைவெளி. பிறகு, அந்தக் கடைசியில் மேலே ஏறி நிற்கிற இடம் வந்தது.

"செரி. சாப்புடலாமா, புள்ள?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எண்ணிக்கை போச்சுங்க. மறுபடி மொதல்ல இருந்து சுத்தோணும். பசிச்சா அந்த மைசூர்பாகை எடுத்துத் தின்னுங்க."

பின்னால் கிண்ணம் விழுந்தது. வெங்காயம் ஒவ்வொன்றாக உருண்டு டெஸ்டிங் பெஞ்ச் அடிவரை போவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கையில் கத்தியோடு எழுந்து நிற்கிறார். வாய் திறந்தபடி இருக்கிறது.

"எங்கிருந்து கேட்டே?" என்றார்.

"டயர்ல இருந்து."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "நான் கொரல் குடுத்தா உன்ர தோளு எறங்கும். கை நிதானமாவும். பாடலாம்னா எனக்குப் பாட்டு வராது. அதனால நடந்ததைச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார். ஒரு சொல்கூட விடாமல் கேட்டது.

"ஆறு வருஷமா என்னென்ன சொன்னீங்க?"

"எல்லாந்தான். உன்னையப் பத்தியும் கொஞ்சம் சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டுக் குனிந்து வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தார். "இனிமே பார்த்துத்தான் பேசோணும்."

"அதெல்லாம் முடியாது" என்றேன். "ஆறு வருஷத்துதையும் மொதல்ல இருந்து சொல்லுங்க. நான் சுத்தறேன்."

டாக்டருக்கு ஒரு திருத்தம். இந்த டைரியில் முனகல், முனகல் என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் பேச்சு என்று படித்துக்கொள்ளவும். மோட்டார், மோட்டார் என்று எழுதியிருக்கும் இடத்தையும் கொஞ்சம் யோசித்துப் படிக்கவும்.

கேட்டவை: டயர். வேப்பமரம். நிச்சயமான பெண். மேனேஜர். மைசூர்பாகு, அதில் எறும்பு ஏறவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டது. பதில் சொல்லிவிட்டேன்.